பொக்சிங் பழக்குகிறவனிடம் கேட்ட கேள்விகள்

மட்டக்களப்பு கல்லடியில் விடிய ஐந்தரைக்கு உடம்பு குறைக்க வருகிறவர்களுக்கு ஒரு வகுப்பு, பின்னேரம் போட்டிக்குப் போகிற பொடியன்மாருக்கு இன்னொன்று. பதினாலு வருசமாக இதுதான் என் பாடு. கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று போன கிழமை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தம்பி: நான் ரிங்கில் ஏறினதே இல்லை, வீடியோ பார்த்துத்தான் பழகினேன். ஒரு ஜிம்மில் பொக்சிங் ஃபிட்னஸ் வகுப்பு எடுக்கக் கேட்கிறார்கள். எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் முதலில் ஆறு மாதமாவது ஒரு கோச்சிடம் போய் அடி வாங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அமெச்சூர் போட்டி என்பது மூன்று நிமிட ரவுண்ட் மூன்று, இடையில் ஒரு நிமிட ஓய்வு, ஆக மொத்தம் பதினொரு நிமிடம். கேட்கிறவனுக்கு முட்டை அவிக்கிற நேரம். உள்ளே நிற்கிறவனுக்கு இரண்டாவது ரவுண்டில் கை தூக்க முடியாது. அது தெரியாத ஆள் நாற்பத்தைந்து வயது அக்கா ஒருவரை மூன்று நிமிடம் விடாமல் தொங்குகிற குத்துப் பேக்கை அடிக்க வைப்பார், அவர் அடுத்த நாள் வரமாட்டார். புதுசாக வருகிறவர்களுக்கு நான் முதல் மாதம் முழுக்க ஒன்றரை நிமிட ரவுண்ட்தான், ஒரு நிமிடம் ஓய்வு.

சான்றிதழ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். காசு கட்டமுதல், தருகிறவர் எந்த அமைப்பின் கீழ் தருகிறார் என்று கேளுங்கள். ஐபிஏ என்ற பழைய சர்வதேச பொக்சிங் அமைப்பின் அங்கீகாரத்தை ஒலிம்பிக் குழு 2023 இல் எடுத்துவிட்டது. அதே வருசம் தொடங்கின வேர்ல்ட் பொக்சிங் அமைப்புக்கு 2025 இல் தற்காலிக அங்கீகாரம் கொடுத்தது. ஃபிட்னஸ் வகுப்புக்கு இதெல்லாம் பெரிதாகத் தேவைப்படாது, அங்கே முதலுதவிப் பயிற்சிதான் முக்கியம். போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிற எண்ணம் இருந்தால் தேவைப்படும்.

கல்முனையிலிருந்து ஒருவர்: பேக் அடிக்கத் தொடங்கி மூன்று கிழமை, மணிக்கட்டு நோகிறது. குளோவ்ஸ் சரியில்லையா?

எல்லாரும் முதலில் குளோவ்ஸைத்தான் குற்றம் சொல்வார்கள். குளோவ்ஸ் அடியை வாங்கும், மணிக்கட்டைப் பிடிக்காது. பிடிப்பது உள்ளே சுற்றும் துணி. நாலரை மீட்டர் துணி வாங்குங்கள், இரண்டரை மீட்டர் பெரியவர் கைக்குக் காணாது. பெருவிரலில் வளையத்தை மாட்டி, கையின் பின்பக்கமாகக் கொண்டுபோய் மணிக்கட்டில் மூன்று சுற்று, மறுகா விரல் மொழியில், அதாவது பொத்தினால் புடைக்கிற மூட்டில், மூன்று சுற்று, விரல் இடுக்குகளுக்குள் ஒவ்வொரு தரம், பெருவிரலை ஒரு தரம் பூட்டி, மிச்சம் எல்லாம் திரும்ப மணிக்கட்டுக்கு. சுற்றும்போது விரல்களை விரித்து வைத்திருக்க வேண்டும். பொத்திக்கொண்டு சுற்றினால் துணி தளர்ந்துவிடும், விரித்தபடி அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் பொத்தும்போது விரல் நுனி நீலமாகும்.

துணி சரியாக இருந்தும் நோகிறதா? அப்படியென்றால் எந்த மொழி பேக்கில் படுகிறது என்று பாருங்கள். ஆட்காட்டி விரல், நடுவிரல் மொழிகள்தான் பட வேண்டும். சின்னவிரல் பக்கம் பட்டுப் பட்டு அந்த எலும்பு முறிவதற்கு டொக்டர்மாரே பொக்சர் முறிவு என்றுதான் பேர் வைத்திருக்கிறார்கள், உண்மையில் அது பொக்சருக்கு வருவதைவிடக் கோபத்தில் சுவரில் குத்துகிறவனுக்குத்தான் அதிகம் வரும். இன்னொன்று, பெருவிரலை விரிக்கும்போது அடியில் ஒரு குழி விழும் பாருங்கள், அதை அழுத்தினால் நொந்தால் பேக்கை விட்டுவிட்டு எக்ஸ்ரே எடுங்கள். முதல் எக்ஸ்ரேயில் அந்த முறிவு தெரியாமலும் போகும், நோவு நிற்காவிட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் திரும்பப் போங்கள்.

செங்கலடியிலிருந்து: எனக்கு அடியில் பலம் இல்லை. கைக்கு என்ன எக்சர்சைஸ் செய்யலாம்?

கைக்கு ஒன்றும் வேண்டாம், காலைக் கிறுக்குங்கள், அதாவது சுழற்றித் திருப்புங்கள். நம்ம ஊர்ப் பொடியன்மாருக்கு இடுப்பு, சுழற்சி, ரொட்டேஷன் என்றெல்லாம் நான் வகுப்பெடுப்பதே இல்லை, "கிறுகு" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் கடற்கரைக்குக் கூட்டிப் போய் ஈர மணலில் வெறுங்காலோடு வலது குத்து மட்டும் இருபது போடச் சொல்வேன். அவர்கள் அடிக்கும்போது நான் கையைப் பார்ப்பதில்லை. தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பின்கால் நின்ற இடத்தைப் பார்ப்பேன். வட்டமாகக் குழி விழுந்திருந்தால் கால் கிறுகியிருக்கிறது. நீட்டாகக் கோடு கிழித்திருந்தால் கால் வழுக்கியிருக்கிறது. ஒன்றுமே இல்லாமல் பாதம் அச்சாகப் பதிந்திருந்தால் ஆள் தோளால் மட்டும் குத்தியிருக்கிறார். நீங்களும் போய்ப் பாருங்கள், மணல் பொய் சொல்லாது.

ஆரையம்பதியிலிருந்து ஒரு அம்மா: மகனுக்குப் பதின்மூன்று வயது. பொக்சிங் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். தலையில் அடிபடுமே, ஹெட்காட் போட்டால் பயமில்லையா?

அக்கா, பயம் நியாயமான பயம். ஹெட்காட் புருவம் கிழிவதை, காது வீங்குவதைக் குறைக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. பெரிய ஆண்களுக்கான போட்டிகளில் 2013 இல் அதை எடுத்துவிட்டார்கள், 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெறுந்தலையோடுதான் அடித்தார்கள். சிறுவர்களுக்கு அது கட்டாயம்தான், ஆனால் அதை நம்பி யாரும் தலையைக் கொடுக்கக் கூடாது.

மகனை அனுப்புங்கள், ஆனால் முதல் வருசம் தலைக்கு அடி இல்லாமல் பழக்குகிற இடத்துக்கு. கால் அசைவு, ஸ்கிப்பிங், பேக், ஒருவர் கையில் மாட்டிப் பிடிக்கிற பாட், பிறகு தோளைத் தொட்டு விளையாடுவது, அதற்கே ஒரு வருசம் காணாது.

என் தப்பையும் சொல்கிறேன். தொடங்கின காலத்தில் ஒரு பொடியன் ஸ்பாரிங்கில், அதாவது இரண்டு பேர் மோதிப் பழகும்போது, நெற்றியில் ஒன்று வாங்கினான். "ஒன்றும் இல்ல சேர்" என்றான், நானும் நம்பி இன்னொரு ரவுண்ட் விட்டேன். வீட்டுக்குப் போகும்போது பாலத்தில் சைக்கிளை நிறுத்தி வாந்தி எடுத்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள், நல்லபடியாக வந்துவிட்டான். அன்றிலிருந்து பிள்ளையிடம் எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதே இல்லை, அவர்கள் "ஓகே" என்றுதான் சொல்வார்கள். கண்ணைப் பார்ப்பேன், இன்றைக்கு என்ன கிழமை, ஆருடன் அடித்தாய் என்று கேட்பேன். சந்தேகம் என்றால் குளோவ்ஸைக் கழற்றுவேன், அன்றைக்கு அவ்வளவுதான். தலையில் பட்டு விழுந்து போட்டி நின்றால் பிறகு குறைந்தது 30 நாள் ஸ்பாரிங்கே கிடையாது. சேர்க்கப்போகிற இடத்தில் கோச்சிடம் இதைக் கேளுங்கள். "ஆம்பிளப் பிள்ளை, தாங்குவான்" என்று பதில் வந்தால் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

காத்தான்குடியிலிருந்து ஒரு தங்கச்சி: பெண்களுக்கு மட்டும் வகுப்பு வைக்க யோசனை. வீட்டு ஹோல்தான் இருக்கிறது, பேக் தொங்கவிட வழியில்லை. ஊரிலும் கதைப்பார்கள்.

கதைக்கிறவர்கள் கதைக்கட்டும் என்று நான் இலேசாகச் சொல்லிவிடலாம், இருக்கப்போவது நீங்கள். ஆனால் பெண்கள் வகுப்புக்கு இங்கே இருக்கிற தேவை எனக்குத் தெரியும், கிழமைக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள், ஆம்பிளைகள் இருக்கிற இடம் என்று திரும்பிப் போகிறார்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் பொக்சிங் வந்ததே 2012 இல்தான். ஆறு வருசத்தில், 2018 கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டில், நம் நாட்டு அனுஷா கொடித்துவக்கு வெண்கலம் எடுத்தார். அரையிறுதியில் அவர் தோற்றது இந்தியாவின் மேரி கோமிடம்.

பேக் வேண்டாம். ஆறு பேருக்கு மூன்று சோடி பாட் போதும், ஒருவர் பிடிக்க ஒருவர் அடிப்பது. பிடிக்கப் பழக்குவதில்தான் உங்கள் திறமை இருக்கிறது. பாட்டை முகத்துக்கு முன்னால் வைக்கவே கூடாது, தோளுக்கு நேராக, சற்று உள்ளே சரித்து. குத்து வரும்போது ஒள்ளுப்பம் எதிரே கொடுக்க வேண்டும், ஒரு சாண் அல்ல, இரண்டு விரல் அளவு. கையைத் தளர விட்டால் முழங்கை போய்விடும். என் இடது தோள் இப்போது மழைக்கு முதலே சொல்லிவிடுகிறது, அது அடி வாங்கி வந்ததல்ல, வருசக்கணக்காகப் பாட் பிடித்து வந்தது.

அக்கரைப்பற்றிலிருந்து: பேக் சொந்தமாகச் செய்யலாமா, மணல் நிரப்பினால் போதுமா?

மணல் வேண்டவே வேண்டாம். ஒரு மாதத்தில் எல்லாம் கீழே இறங்கி அடிப்பக்கம் கருங்கல்லாகிவிடும், மேல்பக்கம் வெறும் சாக்கு. தையல் கடைகளில் வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கும், கேட்டால் தருவார்கள். பொத்தான், சிப் இருந்தால் பொறுக்கிவிட்டு, ஒவ்வொரு சாண் உயரத்துக்கும் உலக்கையால் இடித்து இடித்து நிரப்புங்கள். இரண்டு பேருக்கு ஒரு பின்னேரம் எடுக்கும்.

ஏறாவூரிலிருந்து ஒரு தம்பி: போட்டிக்கு மூன்று கிலோ குறைக்க வேண்டும், ஆறு நாள் இருக்கிறது. பொலித்தீன் சுற்றிக்கொண்டு ஓடலாமா?

கூடாது. கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் இங்கே சும்மா நின்றாலே உடம்பு காய்ந்துவிடும், அதில் பொலித்தீன் வேறு. 1997 இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படித்தான் எடை குறைக்கப்போய், இரண்டு மாதத்துக்குள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். மேல் எடைப் பிரிவில் அடியுங்கள். தோற்றால் தோற்றது.

பேர் போடாத ஒருவர்: குளோவ்ஸ் நாற்றம் தாங்க முடியவில்லை, என்ன செய்ய?

மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழே வைத்துப் பூட்டுகிறீர்கள், சரியா? வெளியே எடுத்து வாயை விரித்துக் காற்றில் தொங்கவிடுங்கள், நேர் வெயிலில் அல்ல, தோல் வெடிக்கும். உள்ளே பழைய பேப்பர் கசக்கி வையுங்கள். கைத்துணியை ஒவ்வொரு நாளும் துவையுங்கள். அப்படியும் போகாவிட்டால் புதுசு வாங்குங்கள், உங்களோடு அடிக்கிறவர் பாவம்.