குருவி ஒரு மணி எடுத்துட்டு ஓடுதா? தானியத்துல குறை இல்லைங்க

மாடியில தட்டுல கம்பு தானியம் வச்சா சிட்டுக்குருவி ஒரே ஒரு மணியை எடுத்துட்டுப் பறந்துடுது, கம்பு பிடிக்கலையான்னு கேட்டிருக்கீங்க. பிடிக்கலைனா திரும்பத் திரும்ப வரவே வராதுங்க. அது பயம். நீங்க தட்டு வச்சிருக்கிறது மொட்டை மாடி நடுவுல, சுத்தி ஒண்ணுமே இல்ல, வல்லூறு மேல இருந்து பாய்ஞ்சா ஒளிய இடம் கிடையாது, அதனால சட்டுனு ஒண்ணை எடுத்துட்டு மறைவுக்குப் போய் திங்குது.

கொஞ்சம் தள்ளி நின்னு கவனிங்க, ரெண்டு கொத்து கொத்தும், உடனே தலையைத் தூக்கி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாக்கும். தனியா வந்தா இது ரொம்ப அதிகம், கூட்டமா வந்தா ஒவ்வொண்ணும் தலை தூக்குறது குறையும், பாக்க இன்னும் பல கண்ணு இருக்கே. அதனால முதல்ல நாலஞ்சு குருவி பழகுறவரைக்கும் பொறுமையா இருங்க.

தட்டை ஒரு செடிப்பக்கமா நகர்த்துங்க, ஆனா ஒட்டி வைக்காதீங்க, பூனை அதுக்குள்ளயே பதுங்கி உக்காந்துடும் (பூனைக்கு அதுதான் வேணும்). ஒரு ரெண்டு மூணு மீட்டர் இடைவெளி விட்டா சரியா இருக்கும். இடத்தை அடிக்கடி மாத்தாதீங்க.

இன்னொண்ணு, கூடு வச்சிருக்கிற நேரம்னா தானியத்தை விட்டுட்டு புழு பூச்சிக்குத்தான் அலையும். பெருசுங்க தானியம் தின்னாலும் குஞ்சுக்கு ஆரம்பத்துல பெரும்பாலும் பூச்சிதான் ஊட்டும். அப்போ மாடிச் செடிக்கு மருந்து அடிக்காம இருந்தாலே போதும். தொண்டையில கருப்பு இருக்கிற ஆண் விடாம கத்திட்டு இருக்கா பாருங்க, இருந்தா பக்கத்துல எங்கயோ கூடு இருக்கு, இல்ல ஜோடி தேடுது.