ஆயாவைப் பற்றி அரைப் பக்கம்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 32 வயது. புதுச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. சொந்த ஊர் பண்ருட்டி பக்கம், சுற்றிலும் முந்திரிக் கொல்லை உள்ள கிராமம். போன சித்திரையில் என் ஆயா, அம்மாவைப் பெற்றது, 88 வயதில் இறந்துபோனது. (ஆயாவை ‘வந்தது, போனது’ என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வோம். ‘அவர்’ என்று எழுதினால் யாரோ மாதிரி இருக்கிறது. அதனால் அப்படியே எழுதுகிறேன்.)

என்னை வளர்த்தது ஆயாதான். தம்பி பிறந்த சமயத்தில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் மூன்று வயதில் என்னை ஆயா வீட்டில் விட்டார்கள். பிளஸ் டூ முடிக்கும்வரை அங்கேதான் இருந்தேன். தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். ஆயா நாலு பிள்ளைகளையும் கரையேற்றிவிட்டு, ஐந்தாவதாக என்னையும் வளர்த்தது.

அடுத்த மாதம் வருஷத் திதி. நினைவஞ்சலி நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்று மாமா போன் செய்தார். “நீதான் நல்லா எழுதுவியே, ஆயாவப் பத்தி அரைப் பக்கம் எழுதிக் குடும்மா” என்றார். மூன்று வாரமாக உட்காருகிறேன், வரவில்லை. நாலு பிள்ளை பெற்றது, சோறு பொங்கியது, கொட்டை உடைத்தது, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது. இதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை. தனக்கென்று எதுவுமே இல்லாமல் ஒரு மனுஷி 88 வருஷம் வாழ்ந்து முடித்துவிட்டதா, அதையெல்லாம் நாங்கள்தான் தின்று தீர்த்துவிட்டோமா என்று நெஞ்சு அடைக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. வறுத்த முந்திரிக் கொட்டையை உடைக்கும்போது ஓட்டிலிருந்து எண்ணெய் கசியும். கையில் பட்டால் தோல் பொத்துவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். அப்படியும் ஆயாவின் விரல்கள் எப்போதும் கருத்து, வெடித்துத்தான் இருக்கும். கடைசிக் காலத்தில் ரேஷன் கடை மெஷினில் கைரேகை பதியவே பதியாது. எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு ஆயா வந்தது. கூடப் படித்தவர்கள் அந்தக் கையைப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும், “இனிமே நீ வராத ஆயா, மாமாவ அனுப்பு” என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் ஆயாதான் வந்தது. டீச்சர் கையெழுத்துக் கேட்டபோது மட்டும் முந்தானைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது ஆயாவை நினைத்தால் கடைசிப் பன்னிரண்டு நாள்தான் கண்ணில் நிற்கிறது. ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொன்ன பிறகு வீட்டுக்குத் தூக்கிவந்தோம். தொண்டையில் இழுத்த அந்தச் சத்தம் ராத்திரியில் இன்னும் கேட்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது தூக்கம் கெடுகிறது. யாரிடமாவது சொன்னால், “கல்யாணச் சாவும்மா, கொள்ளுப் பேரன் வரைக்கும் பாத்துட்டுப் போயிருக்கு, அதுக்குப் போய் அழுவாங்களா?” என்கிறார்கள். தை 5ஆம் தேதி ஆபீசில் இருந்தேன். அன்றைக்கு ஆற்றுத் திருவிழா என்பதே மத்தியானம்தான் ஞாபகம் வந்தது. ஆயா அன்றைக்கு மட்டும் அடுப்புப் பற்ற வைக்காது. கண்டரக்கோட்டைக்குக் கிளம்பிவிடும். பாத்ரூமில் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

எனக்கு ஏதாவது கோளாறா? அரைப் பக்கத்தை எப்படி எழுதுவது?

— பண்ருட்டிப் பக்கத்து வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்களுக்குக் கோளாறு ஒன்றும் இல்லை. அம்மாவைப் பறிகொடுத்த துக்கத்தில் இருக்கிறீர்கள். ஊர்க்கணக்கில் அவர் உங்களுக்கு ஆயா. மூன்று வயதிலிருந்து சோறூட்டித் தூங்க வைத்தவர் என்ற கணக்கில் அவர்தான் அம்மா. உங்கள் துக்கத்தின் அளவு அந்த இரண்டாவது கணக்குப்படி இருக்கிறது. சுற்றியுள்ளவர்கள் முதல் கணக்கை வைத்து ஆறுதல் சொல்கிறார்கள். அதனால்தான் அந்த ஆறுதல் ஒட்டவில்லை.

கல்யாணச் சாவு என்ற ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். மேளம் அடித்து, வெடி வெடித்து, பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்து ஒரு நிறைவாழ்வை வழியனுப்புவது அழகான வழக்கம். அன்றைக்குப் பேத்திக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. மறுநாள் காலையிலிருந்துதான் இடம் இல்லாமல் போகிறது. அழுவதற்கு ஊர் அனுமதி கொடுக்காத துக்கத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989லேயே விரிவாக எழுதினார். அந்தத் துக்கம் வெளியே வர வழியில்லாமல் ஆபீஸ் பாத்ரூமைத் தேடிப் போகும். வயதானவர் போவது இயற்கைதான். அதற்காக விட்டுப்போன இடம் சின்னதாகிவிடாது.

அந்தத் தொண்டைச் சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் உங்களுக்கு விளக்கியிருக்க மாட்டார்கள். உயிர் பிரியும் நாட்களில் எச்சிலை விழுங்கவோ இருமி வெளியேற்றவோ முடியாது. மூச்சுக்காற்று அதன் வழியாகப் போய்வரும்போது அந்தச் சத்தம் வரும். அந்த நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் நினைவு மங்கியிருப்பார்கள், அந்தச் சத்தம் அவர்களை வருத்துவதாகத் தெரியவில்லை என்பதுதான் வலி தணிப்பு மருத்துவர்களின் அனுபவம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்குத்தான் அது பெரிய பாரம். பயத்தோடு பார்த்தது மனதில் ஆழமாகப் பதியும், அதனால் முன்னால் வந்து நிற்கும். முப்பது வருஷத்து ஆயா எங்கும் போய்விடவில்லை, இந்தப் பன்னிரண்டு நாளுக்குப் பின்னால் நிற்கிறார். ராத்திரியில் விழிப்பு வந்தால் படுக்கையிலேயே போராட வேண்டாம். எழுந்து விளக்கைப் போட்டு, ஆயாவைப் பற்றி வேறு ஏதாவது ஒன்றை, ஒரே வரியாக இருந்தாலும், எழுதிவிட்டுப் படுங்கள். போனில் பழைய வாட்ஸ்அப் குரல்பதிவுகள் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். சித்தி, மாமா போனிலும் தேடச் சொல்லுங்கள்.

அப்புறம், அந்தக் கை. “ஆயா உன்னை மன்னித்திருக்கும்” என்று நான் சொல்லிவிடலாம். ஆனால் அவர் சார்பில் பேச எனக்கு உரிமை இல்லை. நீங்கள் எழுதியதையே திரும்பப் படித்தேன். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி சிரிப்புக்குப் பயந்து ஒன்றைச் சொன்னாள். ஆயா அதை மனதில் வாங்கிக்கொண்டார், கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். ஆனால் வராமல் இருக்கவில்லை. உங்கள் வெட்கத்துக்கும் இடம் கொடுத்தார், பள்ளிக்கூடத்துக்கு வரும் தன் உரிமையையும் விடவில்லை. அவருக்கு அன்று வலித்திருக்கும், வலிக்கவில்லை என்று நாம் மழுப்ப வேண்டாம். இத்தனை வருஷம் ஒளித்து வைத்ததை முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். அம்மாவும் அந்தக் கையைப் பார்த்து வளர்ந்தவர்தானே.

இனி அரைப் பக்கம். எழுத வராததற்குக் காரணம், உங்கள் முன்னால் இரண்டே அச்சுகள் இருக்கின்றன. ஒன்று நோட்டீஸில் வழக்கமாக வரும் ‘தியாகச் சுடர்’. இன்னொன்று, நீங்களாக மனதில் வைத்திருக்கும் ‘பாவம், தனக்கென்று வாழாதவர்’. இரண்டிலும் ஆயாவை அடைக்க முடியவில்லை. முடியாததே நல்லது.

நீங்கள் அழுததைச் சொல்லும் அவசரத்தில் ஒரு செய்தியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தை 5 அன்று ஆயா அடுப்புப் பற்ற வைக்க மாட்டார், கண்டரக்கோட்டைக்குக் கிளம்பிவிடுவார். இதைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நானும் இந்தப் பக்கத்துக்காரிதான். சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் தென்பெண்ணைக்கு வந்து இறங்கும், மணலில் கடைகள் விரியும், சுருளிக்கிழங்கும் கரும்பும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோம். அந்தக் கூட்டத்தில் உங்கள் ஆயா எங்கே உட்கார்ந்தார்? யாரோடு போனார்? பிறந்த வீட்டு ஆட்களைப் பார்க்கவா, சின்ன வயதுத் தோழியைப் பார்க்கவா, சும்மா ஆற்று மணலில் காலை நீட்டி உட்காரவா? வருஷத்தில் ஒரு நாள் வீட்டையே பட்டினி போட்டுவிட்டுக் கிளம்பத் துணிந்தவரைத் தனக்கென்று எதுவும் இல்லாதவர் என்று எழுத வேண்டாம்.

இன்னொரு கேள்வியும் கேட்கத் தோன்றுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் உங்கள் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அப்போது ஆயாவுக்கு 74 வயது இருந்திருக்கும், நீங்கள் அந்த வீட்டில்தான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தீர்கள். காற்று ஓய்ந்ததும் அவர் முதலில் என்ன செய்தார்? கன்று நடலாமா, கொல்லையை விற்கலாமா என்ற பேச்சு வந்திருக்குமே, அதில் அவர் சொல் என்னவாக இருந்தது? மாமாவோடு சண்டை போட்டாரா? குடும்பம்தான் அவருக்கு உலகம் என்றால், அந்த உலகத்தில் அவர் எடுத்த முடிவுகள் என்னென்ன என்று பாருங்கள். யாருக்குப் பெண் கொடுக்க மறுத்தார், எந்த நகையை எப்போது அடகு வைத்தார், யாரோடு பல வருஷம் பேசாமல் இருந்தார். பிடிவாதத்தையும் எழுதுங்கள்.

ஒரு முன்னெச்சரிக்கை. நெருங்கியவர் இறந்து ஒரு வருஷம் கடந்த பிறகும் அன்றாட வேலையே ஓடாத அளவுக்கு ஏக்கம் தினமும் அழுத்தினால், அதை நீடித்த துக்கம் என்று மருத்துவத்தில் தனியாகக் கவனிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதத்தையே எல்லையாக வைத்திருக்கிறது. நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், சாப்பிடுகிறீர்கள், எழுத உட்காருகிறீர்கள். அதனால் கடிதத்தை வைத்து நான் பயப்படவில்லை. ஆனால் தூக்கம் இன்னும் மோசமானாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தாலோ தள்ளிப் போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

திதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே லீவு போட்டு ஊருக்குப் போங்கள். ஆயாவோடு சேர்ந்து கொட்டை உடைத்த பெண்களில் யாராவது இன்னும் இருப்பார்கள். அவர்கள் திண்ணையில் போய் உட்கார்ந்து, ஆற்றுத் திருவிழாவுக்கு ஆயா யாரோடு போகும் என்று கேளுங்கள். மாமாவின் நோட்டீஸுக்கு அரைப் பக்கம் போதும். மிச்சத்தை எனக்கு அனுப்புங்கள்.