கைவேலைக் கேள்வி பதில்: வாவுபலிக் கடைக்குப் பனையோலை

கேள்வி: அக்கா, ஆடி அமாவாசையை ஒட்டிக் குமரி மாவட்டம் குழித்துறையில் நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சியில் கடை போட நாங்கள் ஐந்து பெண்கள் கேட்டிருக்கிறோம். மூடிப்பெட்டி, கடவம் என்கிற பெரிய கூடை, சுளகு எல்லாம் பனையோலையில் முடைகிறோம். ஆற்றங்கரை ஈரத்தில் ஓலை பூஞ்சை பிடித்துப் பூத்துப்போகாதா? விலை எப்படி வைப்பது? வயர் கூடையும் சேர்த்து வைக்கலாமா?
- ஒரு வாசகி, களியக்காவிளை

பதில்: பூக்கும் மக்ளே. அசந்தால் ஒரே ராத்திரியில் பூக்கும்.

வேறொரு ஆற்றங்கரைத் திருவிழாவில் எனக்குப் படித்துறையை ஒட்டிய பள்ளத்தில் இடம் தந்தார்கள். மழைக்குப் பயந்து பெட்டிகளைப் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டித் தரையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் நாள் பிரித்தால் உறைக்குள் வேர்த்து வடிந்திருக்கிறது. பின்னல் மடிப்பில் எல்லாம் கருப்புப் புள்ளி. நாற்பது பெட்டி! மேலே உள்ளதைத் துடைத்து எடுத்தேன். மடிப்புக்குள் போனதை என்ன செய்தும் எடுக்க முடியவில்லை. அன்றைக்கு அழுதது இன்னும் நினைவிருக்கிறது.

முடைவதற்காக ஓலையை நனைக்கிறோம் இல்லையா, அந்த ஈரம்தான் முதல் எதிரி. முடைந்த கையோடு அடுக்காதீர்கள். வெயில் தலைகாட்டும்போதெல்லாம் மூடியைத் திறந்து கவிழ்த்துக் காய வையுங்கள். சாயம் போட்டதை மட்டும் நிழலில் காற்றாட விடுங்கள், வெயிலில் நிறம் வெளுத்துவிடும். கடையில் ராத்திரி பலகை மேல் அடுக்கி, பழைய பருத்திச் சேலையால் மூடுங்கள். தார்ப்பாய் கூரைக்குத்தான்.

விலைக்கு என் கணக்கைச் சொல்கிறேன். ஒரு நாளில் என் கைக்கு மூன்று மூடிப்பெட்டி முடியும். நாள்கூலி 450 என்று வைத்தால் பெட்டிக்கு 150. ஓலைக்கும் சாயத்துக்கும் 25, கடை வாடகைக்கும் பஸ்ஸுக்கும் 25. ஆக 200. இதற்குக் கீழே இறங்கினால் கூலியில்தான் கை வைக்கிறோம். ஐந்து பேரும் ஒரே விலை சொல்லுங்கள். ஒருத்தி 150க்குக் கொடுத்தால் மற்ற நாலு பேர் பெட்டியும் அந்த விலைக்குத்தான் போகும்.

இன்னொன்று. வாவுபலிக்கு வருகிறவர்கள் பலரும் முன்னோருக்குப் பலி போட்டு முடித்ததும் செடியும் மரக்கன்றும் வாங்கித்தான் வீடு திரும்புவார்கள். கன்றை மண் உதிர உதிரக் கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். முற்றிய ஓலையில், அடி அகலமாக, இரண்டு கைப்பிடி வைத்துச் சின்னக் கடவம் நிறைய முடைந்து செல்லுங்கள். குருத்தோலை இதற்கு வேண்டாம், மண் ஈரத்தைத் தாங்காது. செடிக் கடைக்காரரிடமே பத்து கொடுத்து வையுங்கள்.

உங்களில் ஒருத்தி எப்போதும் கடை வாசலில் உட்கார்ந்து முடைய வேண்டும். ஈர்க்கை உரித்து, கத்தி முனையால் ஓலையை வார்ந்து, நாலு இழை ஓடுவதைப் பார்த்தாலே ஜனம் நின்றுவிடும். கைவேலை தெரிந்தவர் விலையைக் குறைத்துக் கேட்பது என் கடையில் அபூர்வம். கேட்கும் பிள்ளைகளுக்கு ஒரு இழை கொடுத்துப் பின்னச் சொல்லுங்கள். கேரளத்துப் பாறசாலைப் பக்கத்துச் சனமும் வரும். நம் சுளகு அவர்களுக்கு முறம். இரண்டு பெயரையும் அட்டையில் எழுதி வையுங்கள்.

மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டை ஐந்து பேரும் எடுத்துவிடுங்கள். அரசுக் கண்காட்சிகளில் இடம் கேட்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.

வயர் கூடை வேண்டாம். அது மோசம் என்று சொல்லவில்லை, என் அம்மாவும் பின்னியிருக்கிறாள். ஆனால் ஓலைப்பெட்டிக்குப் பக்கத்தில் அதை வைத்தால் வருகிறவர் இரண்டின் விலையையும் ஒப்பிட ஆரம்பித்துவிடுவார். உங்கள் கடையில் ஓலை வாசம் மட்டும் இருக்கட்டும்.