வாயு மூலக்கூறுகளும் அயனி சேனல்களும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள், ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நான் அயனி சேனல், அதாவது மின்னூட்டம் உள்ள அணுக்கள் செல் சவ்வைக் கடக்க உதவும் புரத வழி, பற்றிய ஆய்வில் இருப்பவன், மருத்துவர் இல்லை. அதனால் மருந்தைக் கூட்டலாமா, நிறுத்தலாமா என்பதை மட்டும் உங்களுக்குச் சிகிச்சை தருபவரிடமே கேளுங்கள்.

கேள்வி: சார், நைட்ரிக் ஆக்சைடு வண்டிப் புகையில் வரும் மாசு என்றுதான் படித்தோம். அதை உடம்பே தயாரிக்கிறது என்கிறார்களே, எதற்கு?

ரத்தக்குழாயைத் தளர்த்துவதற்கு. வேறு வேலைகளும் உண்டு, ஆனால் கதை தொடங்கியது அங்கேதான். ரத்தக்குழாய்த் துண்டின் மேல் அசிடைல்கோலின் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருளை விட்டால் சில துண்டுகள் தளர்ந்தன, சில சுருங்கின. ஏன் இப்படி என்று குழம்பிப் போன ராபர்ட் ஃபர்ச்காட், குழாயின் உட்புறத்தை மூடியிருக்கும் எண்டோதீலியம் என்ற மெல்லிய செல் அடுக்கு உரசி உதிர்ந்திருந்தால் துண்டு தளராது என்று கண்டுபிடித்து 1980-ல் வெளியிட்டார். அப்படியானால் அந்த அடுக்கிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பிப் போய்த் தசையைத் தளரச் சொல்கிறது. அந்த 'ஏதோ ஒன்று' வெறும் இரண்டு அணுக்கள் கொண்ட ஒரு வாயு என்று சில வருடங்கள் கழித்துத் தெரிந்தபோது பலருக்கும் நம்பவே முடியவில்லை. 1998-ல் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராத் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வேலை நடக்கும் விதம் இதுதான். எண்டோதீலியத்தில் உள்ள ஒரு என்சைம், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கிறது. அது செல் சவ்வைத் தானாகவே கடந்துவிடும், யாரும் கதவைத் திறந்துவிட வேண்டியதில்லை. பக்கத்துத் தசை செல்லுக்குள் போய் குவானிலேட் சைக்ளேஸ் என்ற புரதத்தின் நடுவே இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது, உடனே செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஜிஎம்பி என்ற மூலக்கூறு ஏறுகிறது, அதனால் தூண்டப்படும் இன்னொரு என்சைம் சவ்வில் உள்ள பெரிய பொட்டாசியம் சேனல்களைத் திறக்க வைக்கிறது. பொட்டாசியம் வெளியே போனால் செல்லின் உட்புறம் இன்னும் எதிர்மின்னாகும், கால்சியம் சேனல்கள் மூடிக்கொள்ளும், உள்ளே கால்சியம் குறையும், தசை தளரும். சேனலைத் தொடாத வேறு வழிகளும் இதோடு கூடவே நடக்கின்றன. ஆனால் வாயு சொன்னது மின்சாரமாக மாறும் இடம் சேனல்தான், எனக்கு இந்தத் துறையில் ஆர்வம் வந்ததே அதனால்தான்.

கேள்வி: நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். அயனி சேனல் என்றால் சவ்வில் இருக்கும் ஓட்டைதானே? அதில் அப்படி என்ன இருக்கிறது?

நல்ல கேள்வி தம்பி. பொட்டாசியம் சேனலையே எடுத்துக்கொள். சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சிறியது. வெறும் ஓட்டை என்றால் பெரியது போகும் வழியில் சின்னது தாராளமாகப் போக வேண்டும், இல்லையா? ஆனால் சோடியம் கிட்டத்தட்ட போகவே முடியாது. காரணம் 1998-ல் ரோட்ரிக் மெக்கின்னன் குழு ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியம் சேனல் வடிவத்தை அணு அளவில் பார்த்தபோதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. தண்ணீரில் இருக்கும் அயனியைச் சுற்றி எப்போதும் நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். குறுகலான பாதைக்குள் நுழைய அவற்றைக் கழற்ற வேண்டும். பாதையின் சுவரில் உள்ள ஆக்சிஜன் அணுக்கள், பொட்டாசியம் இழந்த நீருக்குச் சரியான ஈடாக, சரியான தூரத்தில் நிற்கின்றன. சோடியத்துக்கு அந்தத் தூரம் பொருந்தாது, அதனால் அது நீரை விட்டு வர மறுக்கிறது. இவ்வளவு கறாராகப் பொறுக்கியும் ஒரு நொடிக்குக் கோடிக்கணக்கான அயனிகளைக் கடத்துகிறது பார், அதுதான் அதிசயம். ஒரே ஒரு சேனல் திறந்து மூடுவதைக் கருவியில் பதிவு செய்யும் வழியை எர்வின் நேயர், பெர்ட் சாக்மன் இருவரும் 1976-லேயே காட்டிவிட்டார்கள்.

கேள்வி: கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஆளைக் கொல்லும் விஷம். அவையும் உடம்பில் உருவாகின்றன என்பது உண்மையா?

உண்மை. அடிபட்டு ரத்தம் கட்டிய இடம் சில நாளில் பச்சையாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஹீம் என்ற சிவப்புப் பொருளை ஒரு என்சைம் உடைக்கும்போது பச்சை நிற பிலிவெர்டின், இரும்பு, கூடவே கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு வருகின்றன. இது எந்நேரமும் உடம்பு முழுக்க மிகச் சிறிய அளவில் நடந்துகொண்டே இருக்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு, சிஸ்டீன் என்ற கந்தக அமினோ அமிலத்திலிருந்து வருகிறது. அதைத் தயாரிக்கும் என்சைம்களில் ஒன்றை நீக்கிய எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது என்று 2008-ல் வெளியானது. இந்த வாயு, செல்லின் ஆற்றல் நிலையைப் பொறுத்துத் திறந்து மூடும் பொட்டாசியம் சேனல்களைத் திறக்க வைத்து ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. நைட்ரிக் ஆக்சைடு போன பாதை வேறு, வந்து சேர்ந்த இடம் ஒன்று.

விஷமாவது அளவால். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடிக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு செல்லின் மூச்சையே நிறுத்தும். ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும், அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிடும். நாற்றம் இல்லை, இறங்கலாம் என்று கழிவுநீர்த் தொட்டிக்குள் யாரையும் இறக்காதீர்கள். உள்ளே விழுந்தவரைக் காப்பாற்றத் தானும் குதிப்பவர் அதே காற்றைத்தான் சுவாசிப்பார்.

கேள்வி: சேனல் கெட்டுப்போனால் என்ன நோய் வரும்?

எந்தச் சேனல் என்பதைப் பொறுத்தது. குளோரைடு செல்லும் ஒரு சேனலில் பழுது என்றால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், நுரையீரலில் சளி கெட்டியாகும். இதயத்தின் பொட்டாசியம் சேனல்களில் என்றால் துடிப்பின் ஒழுங்கு திடீரென்று குலையலாம். வலி நரம்பின் ஒரு சோடியம் சேனல் பிறவியிலேயே வேலை செய்யாவிட்டால் அந்தக் குழந்தைக்கு வலியே தெரியாது. கேட்க வரம் மாதிரி இருக்கும், ஆனால் எலும்பு முறிந்தாலும் தெரியாமல் ஓடி விளையாடும்.

நான் அடிக்கடி சொல்வது பச்சிளங்குழந்தை நீரிழிவு பற்றி. கணையத்தில் இன்சுலின் சுரக்க வேண்டுமென்றால் ஒரு பொட்டாசியம் சேனல் மூட வேண்டும். மரபணுப் பழுதால் அது மூடாமலே இருந்துவிடும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று 2004-ல் தெரியவந்தது. அதே சேனலை மூடும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் பெரியவர்களின் நீரிழிவுக்குப் பல பத்தாண்டுகளாகக் கைவசம் இருந்தவை! அதுவரை ஊசியை நம்பியே இருந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் மாத்திரைக்கு மாற முடிந்தது. பிறந்து ஆறு மாதத்துக்குள் நீரிழிவு என்று சொன்னால் மரபணுச் சோதனை பற்றி அவசியம் கேளுங்கள்.

கேள்வி: அப்பா நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின் வைக்கிறார். இதுவும் அதே வாயுதானா?

ஆமாம், உடம்புக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடாக மாறித்தான் வேலை செய்கிறது. ஆண்மைக்குறைவுக்குத் தரும் சில்டெனாஃபில் வகை மாத்திரைகள் சைக்ளிக் ஜிஎம்பி அழியாமல் தடுப்பவை. ஒன்று அதை ஏற்றிவிடும், மற்றது இறங்க விடாது, இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குச் சரியும். கூச்சப்பட்டு மருத்துவரிடம் மறைக்கும் விஷயம் இது, தயவுசெய்து மறைக்க வேண்டாம்.

கேள்வி: ஜிம்மில் 'நைட்ரிக் ஆக்சைடு பூஸ்டர்' என்று பவுடர் விற்கிறார்கள். வாங்கலாமா?

நான் வாங்க மாட்டேன். அதில் பெரும்பாலும் ஆர்ஜினினோ சிட்ருலினோ இருக்கும். மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆர்ஜினின் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையில் பலன் ஒன்றும் இல்லை, அதை எடுத்தவர்கள் பக்கம் மட்டும் ஆறு இறப்புகள் நேர்ந்ததால் நிறுத்திவிட்டார்கள், 2006-ல் முடிவு வெளியானது. கிருமித்தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை கட்டுமீறி உயிருக்கே ஆபத்தாகும் செப்சிஸில் நிலைமை தலைகீழ். அங்கே கிருமிக்கு எதிராக நைட்ரிக் ஆக்சைடு வெள்ளமாகச் சுரந்து அழுத்தம் விழுகிறது. சரி, அதைத் தடுத்தால் பிழைப்பார்கள் என்று தடுப்பு மருந்து கொடுத்தார்கள். அழுத்தம் ஏறத்தான் ஏறியது, இறப்பும் கூடியது. ஓர் இடத்தில் ஒரு நொடி தேவைப்படும் மூலக்கூறை உடம்பு முழுக்கக் கூட்டுவதும் குறைப்பதும் இப்படித்தான் போய் முடிகிறது.

கேள்வி: இந்தத் துறையில் ஆய்வு செய்ய ஆசை. இன்னும் தீராத பிரச்சினை எது?

அளப்பது. ரத்தத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு எவ்வளவு என்று பழைய முறைகளில் அளந்து சொன்ன எண்கள் உண்மையானால் நம் எல்லோர் மூச்சிலும் நாற்றம் வீச வேண்டும். அந்த முறையில் சேர்க்கும் அமிலமே, புரதங்களில் ஒட்டியிருந்த கந்தகத்தையும் வெளியே இழுத்துவிட்டது. அதனால் நீங்கள் ஒரு ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது முடிவைப் பார்ப்பதற்கு முன்னால் எப்படி அளந்தார்கள், செல்லுக்கு எவ்வளவு வாயு கொடுத்தார்கள் என்று பாருங்கள். செல்லுக்குள் இயல்பாக இருப்பதைவிடப் பல மடங்கு ஊற்றிவிட்டு, சேனல் திறந்தது என்று எழுதியிருந்தால் அதை ஓரமாக வைத்துவிட்டு, என்சைமை நீக்கிப் பார்த்த ஆய்வு இருக்கிறதா என்று தேடுங்கள்.