அவரை நாற்றைத் தின்னும் நத்தை வெங்காயத்தை ஏன் தொடுவதில்லை?

களை எல்லாம் சுத்தமாக எடுத்த பிறகும் அவரை நாற்று ஒரே ராத்திரியில் காலி, பக்கத்துப் பாத்தி வெங்காயத்தை நத்தை தொடவே இல்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காபியும் மிளகும், வீட்டை ஒட்டிப் பீன்ஸும் சௌசௌவும் இருக்கின்றன. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்களுக்கும் இதே பாடுதான்.

நத்தையின் நாக்கு அரம் மாதிரி, ஆயிரக்கணக்கில் நுண்பற்கள் இருக்கும். கடிக்காது, சுரண்டும். அதனால் இளசான நாற்றுதான் அதற்கு வாகு, வெங்காயம், பூண்டு மாதிரி காரநெடி உள்ளதை ஒதுக்கும். அவரை, முட்டைக்கோஸ், வெள்ளரி, வாழைக்கன்று, பப்பாளி எல்லாம் ஒன்றுவிடாமல் தின்னும். செண்டுமல்லி வைத்தால் பூச்சி வராது என்று நம்பி நானும் வரப்பு முழுக்க வைத்தேன், முதலில் மொட்டையானது அதுதான்! 1847-ல் மொரீஷியஸிலிருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு நாடெல்லாம் பரவிய ஆப்பிரிக்க ராட்சத நத்தைக்கு அது விருந்து, ஓடில்லாத நத்தைக்கும் அப்படியே.

பலர் கவனிக்காத ஒன்று, பசுமையான முற்றிய இலையைவிட வாடி அழுகத் தொடங்கிய இலை இதுகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்துப் போனேன், முந்தின நாள் வெட்டிப் போட்ட பப்பாளி இலைக்கு அடியில் பதினேழு நத்தை, ஒன்றின் மேல் ஒன்று, இரண்டடி தள்ளி இருந்த பீன்ஸ் பக்கம் ஒன்றுகூட இல்லை. காது வைத்தால் சரசரவென்று சுரண்டுகிற சத்தமே கேட்டது. களையைச் சுத்தமாக வழித்து எடுத்துவிட்டு நாற்று நட்டால் அதற்குத் தின்ன உங்கள் நாற்றைத் தவிர வேறு எது இருக்கிறது? உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? சாயங்காலம் ஈரச் சாக்கை விரித்து, அடியில் வாடின பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் கழிவும் போட்டு, விடிவதற்குள் போய்ப் பொறுக்குங்கள். ஒரு வாரம் விடாமல் செய்யுங்கள், ஒரு தடவைக்கே நூறு முட்டைக்கு மேல் இடுகிற ஜீவன். கையுறை கட்டாயம், மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழு அதன் உடம்பில் இருக்கலாம், குழந்தைகளைத் தொட விடாதீர்கள். பொறுக்கியதை உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள், உப்பைப் பாத்தியில் தூவாதீர்கள், மண் கெட்டுவிடும். மெட்டால்டிஹைடு வில்லை நத்தையைக் கொல்லும்தான், ஆனால் நாய் தின்றால் நாயும் போய்விடும், அதனால் எங்கள் வீட்டில் அதை வாங்குவதே இல்லை.