பவுண்டி கப்பல் கலகப் படங்களில் எதை நம்பிப் பார்க்கலாம்? பார்த்தவர்கள் கருத்து ஏன் இப்படி முட்டிக்கொள்கிறது?

கேள்வி கேட்டவர் 1984-ல் வந்த 'தி பவுண்டி'க்கான ரசிகர் கருத்துகளைப் படித்துக் குழம்பியிருக்கிறார். ஒருவர் "இதுதான் உண்மைக் கதை" என்கிறார், அடுத்தவர் "வில்லனே இல்லாத சப்பைப் படம்" என்கிறார். இரண்டாமவரைக் குறை சொல்ல முடியாது. இதே கலகத்தை எடுத்து, கப்பல் தலைவரை வில்லனாகக் காட்டிய 1935 படத்தைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அப்படித்தான் தோன்றும்.

நடந்தது இதுதான். 1787 டிசம்பரில் பவுண்டி என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பியது. பசிபிக் தீவான தஹிட்டியிலிருந்து சீமைப்பலாக் கன்றுகளை (இலங்கையில் ஈரப்பலா) மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோய், அங்குள்ள தோட்ட அடிமைகளுக்கு மலிவான சாப்பாடாக நட வேண்டும். தஹிட்டியில் ஐந்து மாதம் தங்கி 1,015 கன்றுகளை ஏற்றினார்கள். கிளம்பிய மூன்றே வாரத்தில், 1789 ஏப்ரல் 28 விடியற்காலையில், தோங்கா தீவுகளில் உள்ள தோஃபுவா அருகே கப்பல் அதிகாரிகளில் ஒருவரான ஃப்ளெட்சர் கிறிஸ்டியன் கப்பலைப் பிடித்துக்கொண்டு, தலைவர் வில்லியம் ப்ளையையும் 18 பேரையும் ஒரு படகில் இறக்கிவிட்டார்.

1935 படத்தில் சார்லஸ் லாட்டன் ப்ளையாக வருகிறார். நடிப்பு அபாரம், வரலாறு மோசம். கப்பலின் அடிவழியே ஆளைக் கயிற்றில் கட்டி இழுக்கும் தண்டனை அதில் வருகிறது. பவுண்டியில் அப்படி எதுவும் நடக்கவில்லை. கலகக்காரர்களைத் தேடி 'பண்டோரா' கப்பலில் ப்ளையே திரும்பி வருவதாகக் காட்டுவது அதைவிடப் பெரிய கப்சா. அந்தக் கப்பலின் தலைவர் எட்வர்ட் எட்வர்ட்ஸ். 1791-ல் ப்ளை வேறு கப்பலில் இரண்டாம் முறை கன்று எடுக்கப் போய்விட்டார், அந்தத் தடவை கொண்டுபோய்ச் சேர்க்கவும் செய்தார். இருந்தும் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் இதற்குத்தான் கிடைத்தது. அதன் மூன்று நாயகர்களும் சிறந்த நடிகர் என்ற ஒரே பிரிவில் போட்டியிட்டு மூவரும் தோற்றார்கள். துணை நடிகர் விருது அடுத்த ஆண்டே வந்துவிட்டது.

1962 படத்துக்கு வரும் புகார்களில் பாதி, கிறிஸ்டியனாக வரும் மார்லன் பிராண்டோவின் பேச்சு பற்றியவை. பணக்கார வீட்டுச் செல்லப்பிள்ளை மாதிரி இழுத்து இழுத்துப் பேசுகிறார் என்பார்கள். எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. எல்லோரும் மெச்சுகிற கப்பல்தான் என் கண்ணில் உறுத்துகிறது. படத்துக்காகவே கனடாவின் லூனன்பர்கில் கட்டிய நிஜக் கப்பல் அது. 2012-ல் சாண்டி புயலில் மூழ்கியது. கேமராவுக்கு இடம் வேண்டும் என்று அசலைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகக் கட்டினார்கள். பார்க்க அழகு. ஆனால் கலகத்தின் முக்கியக் காரணங்களில் ஒன்றே அதில் காணாமல் போய்விட்டது.

அசல் பவுண்டியின் மேல்தளம் சுமார் 91 அடி நீளம், 24 அடி அகலம். அதற்குள் 46 பேர். தலைவருக்கு உரிய பெரிய அறையைப் பிடுங்கிச் செடித்தொட்டிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ப்ளை அதிகாரிகளோடு முட்டி மோதிக்கொண்டு ஒரு சின்ன மூலையில் இருந்தார். தலைவருக்குக் காவலாக நிற்கக் கப்பலில் ஒரு கடற்படைச் சிப்பாய்கூடக் கிடையாது. அரசு ஆணை பெற்ற அதிகாரி ப்ளை ஒருவர்தான், அவரும் லெப்டினன்ட் பதவியில்தான் இருந்தார். தலைவருக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் சுவரும் இல்லை, துப்பாக்கியும் இல்லை.

சவுக்கடிதான் கலகத்துக்குக் காரணம் என்று படம் பார்த்தவர்கள் அடித்துச் சொல்வார்கள். அந்தக் காலத்துக் கப்பல் தலைவர்களோடு ஒப்பிட்டால் ப்ளை அடித்தது குறைவு. தஹிட்டியில் ஓடிப்போய் மாட்டிய மூவருக்குத் தூக்கே கிடைத்திருக்கலாம், சவுக்கோடு விட்டார். மாலுமிகள் நன்றாகத் தூங்க வேண்டும் என்று வேலையை இரண்டு ஷிப்டுக்குப் பதில் மூன்றாகப் பிரித்தார், மூன்றாவதைக் கிறிஸ்டியனிடமே கொடுத்தார். அவருடைய கோளாறு கையில் இல்லை, வாயில். ஏப்ரல் 27 அன்று மேல்தளத்தில் இருந்த தேங்காய்க் குவியல் குறைந்திருப்பதாக எல்லா அதிகாரிகளையும் வரிசையாக நிறுத்தித் திருடர்கள் என்று திட்டினார், கிறிஸ்டியனையும் சேர்த்து. அன்றிரவே எதுவும் நடக்காதது போல அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார். உடம்பு சரியில்லை என்று கிறிஸ்டியன் போகவில்லை. மறுநாள் விடிவதற்குள் கப்பல் கைமாறிவிட்டது.

இந்தச் சுபாவம் 1984 படத்தில்தான் ஓரளவு பிடிபடுகிறது. அந்தோணி ஹாப்கின்ஸின் ப்ளை கொடுமைக்காரர் இல்லை, வாயைக் கட்டத் தெரியாத கெட்டிக்காரர். இருவரும் முன்பே சேர்ந்து கடலில் போன பழக்கம் உள்ளவர்கள் என்பதையும் இந்தப் படம் மறக்கவில்லை. கலகத்தின்போது கிறிஸ்டியனாக வரும் மெல் கிப்சன் "நான் நரகத்தில் இருக்கிறேன்" என்று கத்துவது ஓவராக்டிங் என்பார்கள். அது ப்ளையே எழுதி வைத்த வாசகம். வயதும் கவனிக்க வேண்டியது: கலகத்தின்போது ப்ளைக்கு 34, கிறிஸ்டியனுக்கு 24. கிப்சன் அந்த வயதுக்கு நெருக்கம், ஹாப்கின்ஸ் பத்து வயதுக்கு மேல் மூத்தவராகத் தெரிகிறார். அதனால் அண்ணன்-தம்பி மாதிரி இருக்க வேண்டிய உறவு அப்பா-பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறது. வான்ஜெலிஸின் சிந்தசைசர் இசை பிடிக்கவில்லை என்பவர்களோடு நான் வாதாட மாட்டேன்.

இதிலும் ஒரு பெரிய பொய் உண்டு. தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையை மறுபடி சுற்றப் போகிறேன் என்று ப்ளை பிடிவாதம் பிடிப்பதால்தான் கலகம் முற்றுகிறது என்று காட்டுகிறார்கள். போகும்போது அங்கே புயலில் சுமார் ஒரு மாதம் திண்டாடித் திரும்பியது உண்மை. ஆனால் திரும்பும் வழி ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே, மேற்கு நோக்கித்தான்.

படகுப் பயணக் காட்சிகளை ஓட்டிவிடாதீர்கள். 23 அடிப் படகு, 19 பேர், வரைபடம் கிடையாது. 150 பவுண்டு ரொட்டி, 28 கேலன் தண்ணீர். இரண்டு தேங்காய்ச் சிரட்டையில் தராசு செய்து, எடைக்கல்லாக ஒரு துப்பாக்கிக் குண்டை வைத்து ரொட்டியை அளந்தார்கள். ஒரு பங்கு சுமார் 18 கிராம். 3,600 கடல் மைலுக்கு மேல் ஓட்டி ஜூன் 14 அன்று திமோரின் குபாங் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் செத்தது ஒருவர், அவரும் பசியால் இல்லை, தோஃபுவாவில் தீவுவாசிகள் தாக்கியதில்.

முதலில் 1984, அடுத்து 1935 பாருங்கள். லாட்டன் எங்கெங்கே ஊதிப் பெருக்கினார் என்று அப்போதுதான் புரியும். 1962 மூன்று மணி நேரம், மிக மிக அகலமான சட்டகம். டிவியில் 'ஜூம்' போட்டால் இரு ஓரத்து ஆட்களும் வெட்டுப்படுவார்கள், மொபைலில் பார்த்தால் வெறும் கீற்று. அதன் முடிவை மட்டும் நம்பாதீர்கள். கிறிஸ்டியன் கப்பல் தீயில் பட்ட காயத்தால் சாகவில்லை. 1790 ஜனவரியில் பிட்கெய்ர்ன் தீவருகே கப்பல் எரிந்தது, மூன்று ஆண்டு கழித்து அங்கிருந்த தஹிட்டி ஆட்களோடு நடந்த சண்டையில் அவர் கொல்லப்பட்டார்.