பதில்: சிப்ஸ் உறைகளை எரிக்கலாமா?

கழுவிச் சேர்த்த சிப்ஸ் உறைகளைக் காயலான் கடையில் வாங்க மறுப்பதால், கொல்லையில் எரித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து எரிக்காதீர்கள், அவற்றோடு பிவிசி (குழாய்கள் செய்யப் பயன்படும், குளோரின் அடங்கிய பிளாஸ்டிக்) துண்டு ஒன்று கலந்திருந்தாலும் டையாக்சின் என்னும் கொடிய நச்சு உருவாகக்கூடும். கடைக்காரர் மறுப்பதற்கும் காரணம் உண்டு. பால் கவர் பாலிஎத்திலீன் என்னும் ஒரே வகை பிளாஸ்டிக்கால் மட்டுமே ஆனது என்பதால் அதற்கு விலை உண்டு. சிப்ஸ் உறையிலோ பிளாஸ்டிக் ஏடுகளுக்கிடையே அலுமினியப் பூச்சு ஒட்டியிருப்பதால், பிரித்தெடுக்கும் செலவு பொருளின் மதிப்பை விஞ்சிவிடுகிறது. இது உங்கள் குறையன்று: 1950இல் சுமார் 20 லட்சம் டன்னாக இருந்த உலக பிளாஸ்டிக் உற்பத்தி 2015இல் ஏறத்தாழ 38 கோடி டன்னாகப் பெருகியும், அதுவரை குப்பையானதில் 9 விழுக்காடளவே மறுசுழற்சியானது. உறைகளை ஈரமின்றித் தனிப் பையில் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் உலர் கழிவாகக் கொடுங்கள். சிமென்ட் ஆலைச் சூளைகளில் இவற்றை எரிபொருளாக்கும் வழி உண்டு, அது மறுசுழற்சி ஆகாதெனினும் கொல்லைத் தீயைவிட மேல்.